செயலாளரின் ஆண்டறிக்கை: கொதித்துக் கொதித்துக் கழிந்த ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டை விழுங்கியது சங்கத்தின் பழைய பந்தய கார்தான். பழுது பார்த்து ஓட்டிய முதல் நாளே மூன்றாவது சுற்றில் கொதித்துவிட்டது.

பழி, எஞ்சினின் சுடுதண்ணீரைக் காற்றால் ஆற்றும் ரேடியேட்டர் மேல் விழுந்தது. பெரியதாக ஒன்று வாங்கத் தீர்மானமே தயாரானது. ‘செலவு எதற்கு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடலாம்’ என்றவன் நான். எஞ்சின் சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு அது. கழற்றினோம், முன்னைவிடச் சீக்கிரமாகக் கொதித்தது. நம் எஞ்சினில் சூடேறும்வரை தண்ணீரைப் பம்புக்கே திருப்பிவிடும் பைபாஸ் வழி உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு அந்த வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் மூட யார் இருக்கிறார்கள்? சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. தவறு என்னுடையது என்றே பதிவாகட்டும்.

அடுத்த ஓட்டத்தில் வெப்பமானி முள் திடீரென இறங்கியது. கைதட்டினோம். கார் வந்து நின்றபோது மூடி வழியே ஆவி சீறியது. தண்ணீர் குறைந்து, வெப்பமானியின் குமிழ் தண்ணீரைவிட்டு வெளியே நின்றதால்தான் முள் இறங்கியிருக்கிறது. இனி முள் காரணமில்லாமல் இறங்கினால் உடனே எஞ்சினை நிறுத்துவது என்று முடிவெடுத்துள்ளோம்.

உண்மையான காரணம் எஞ்சினின் வார்ப்பு உடலான பிளாக்குக்குள் இருந்தது. அதன் பக்கவாட்டுத் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக்குகள் என்ற தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து, வளைத்த கம்பியை உள்ளே விட்டுக் கிளறினோம். துருவும், வார்ப்பு மணலும் இறுகிய செம்பழுப்புச் சேறு, கட்டியாக வந்தது. கடைசி சிலிண்டரைச் சுற்றிப் பாதி உயரத்துக்கு அது அடைத்திருந்தது. அங்கே தண்ணீர் போனால்தானே சூடு வெளியேறும்! இரண்டு நாள் கிளறியும் கழுவியும், வெளிவரும் தண்ணீர் தெளிந்த பிறகே மூடினோம்.

அடுத்தது காற்று. காரின் மூக்கிலிருந்து நுழையும் காற்று ரேடியேட்டரைத் துளைத்துப் போகாமல் ஓரச் சந்துகளில் நழுவிக்கொண்டிருந்தது. அலுமினியத் தகடும் ரப்பர் பட்டையும் கொண்டு சந்துகளை அடைத்தோம். பின்பக்கம் காற்று வெளியேறவும் வழி விட்டோம். 1929இல் சாதனை வேகம் கண்ட கோல்டன் ஆரோ காரில் பனிக்கட்டிப் பெட்டி வைத்துக் குளிர்வித்தார்கள். அந்த யோசனையும் கூட்டத்தில் வந்தது. அது ஒரு சில நிமிட ஓட்டத்துக்குத்தான் சரிப்படும் என்று ஒதுக்கினோம்.

ரேடியேட்டர் மூடியை 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்தம் தாங்கும் அளவுக்கு மாற்றியதில் தண்ணீரின் கொதிநிலை சுமார் 111 டிகிரி செல்சியஸுக்கு ஏறியது. அதற்கு மேல் போக, ரேடியேட்டரின் பழைய ஈயப் பற்றுவைப்புகளை நம்ப முடியவில்லை. கிளைகால் கலந்த கூலன்ட் (கடையில் கிடைக்கும் குளிர்விப்புத் திரவம்) ஊற்றவில்லை. தடத்தில் சிந்தினால் வழுக்கும். தனித் தண்ணீர் கடத்தும் அளவு வெப்பத்தை அது கடத்துவதும் இல்லை. துருத்தடுப்பான் மட்டும் சேர்த்தோம்.

தெர்மோஸ்டாட் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. கடைசி ஓட்டத்தில் பன்னிரண்டு சுற்றுக்கும் முள் அசையவில்லை. தண்ணீர் மட்டத்தையும் பார்த்துவிட்டேன். புதிய ரேடியேட்டர் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறோம். பாக்கி ஒன்றுதான்: வேகத்தில் பம்பு உறிஞ்சும்போது, ரேடியேட்டரிலிருந்து அதற்குத் தண்ணீர் வரும் கீழ் ஹோஸ் சப்பிப் போகிறது. உள்ளே சுருள் கம்பி வைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு ஸ்பேனரோடு வர விருப்பமுள்ளவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்