இணையக் காரோட்டப் பந்தயச் சங்கம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வருடம் முழுக்க ஒருவர் காரின் பின்புறத்தை மற்றவர் பார்த்து ஓடியவர்கள், இன்றைக்குத்தான் முகம் பார்க்கிறோம்.

இந்த வருடமும் லீக் அசெட்டோ கோர்சா என்ற கணனிக் காரோட்ட விளையாட்டிலேயே நடந்தது. ஐரேசிங் என்ற இன்னொரு விளையாட்டுக்கு மாறலாம் என்று போன கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். அதற்குச் சந்தா கட்ட வேண்டும், பெரும்பாலான கார்களையும் ஓடுபாதைகளையும் தனித்தனியாக வேறு வாங்க வேண்டும். 2014 இல் வெளிவந்த அசெட்டோ கோர்சா பழைய கணனியிலும் ஓடும், எல்லோரையும் ஒரே பந்தயத்தில் இணைக்கும் சேர்வர் மென்பொருளும் கூடவே கிடைக்கிறது. முதலில் என் வீட்டு 4ஜி ரவுட்டரில் சேர்வரைப் போட்டுப் பார்த்தேன். அந்த இணைப்புக்குத் தனியான பொது ஐபி முகவரி இல்லாததால் வெளியிலிருந்து ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. மறுகா சிங்கப்பூரில் ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்தோம்.

பந்தயங்கள் ரியூசன் வகுப்புகள் முடிந்த பிறகு, சனி இரவு ஒன்பது மணிக்கு. நவம்பர் இறுதி வெள்ளத்தோடு லீக் நின்றது. உயர்தரப் பரீட்சையும் தள்ளிப்போனதால் ஜனவரியில்தான் திரும்பத் தொடங்கினோம்.

இனி மொன்சா ஓடுபாதைப் பந்தயத்தில் வந்த வழக்கு. முதல் வளைவில் களுவாஞ்சிக்குடித் தம்பி தன்னை இடித்துவிட்டார் என்று கல்முனைத் தம்பி முறையிட்டார். இருவரிடமும் ரீப்ளே கேட்டோம். ஒருவருடையதில் கார்கள் மோதுகின்றன, மற்றவருடையதில் நடுவில் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடைவெளி! இருவருமே பொய் சொல்லவில்லை. நம் காரை நம் கணனி கணக்கிடுகிறது. மற்றவர் காரோ இணையம் வழியாகத் தாமதித்து வரும் தகவலை வைத்து ஊகித்துக் காட்டப்படுவது. மணிக்கு 250 கிலோமீற்றரில் போகும் கார் 100 மில்லிசெக்கனில் ஏறக்குறைய 7 மீற்றர் ஓடிவிடும். அது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு மூன்று கூட்டமும் கணக்கில்லாத பிளேன்டீயும் தேவைப்பட்டன. கடைசியில் தண்டனை கொடுக்காமல் ஒரு விதி போட்டோம்: பிங், அதாவது தகவல் சேர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம், 200 மில்லிசெக்கனைத் தாண்டுபவர் முதல் சுற்று முழுக்கக் கடைசியில்தான் ஓட வேண்டும். அந்த விதியில் முதலில் மாட்டியது இதை எழுதிய செயலாளர். தீர்ப்பு சரியானதுதான், ஆனாலும் அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் மண்டபம் எடுத்து, பொதுமக்களும் ஓடிப் பார்க்க ஒரு நிகழ்வு வைத்தோம். முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. எங்கோ தெற்கில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் போய்விட்டதாம். நாங்கள் வாங்கி வைத்திருந்த யூபிஎஸ் கணனியை ஒழுங்காக நிறுத்தத்தான் போதுமாக இருந்தது. வந்த பிள்ளைகள் கெரம் விளையாடிவிட்டுப் போனார்கள். நிகழ்வை இன்னொரு நாள் வைக்க வேண்டும், மண்டபக் காசைத்தான் திரும்பக் கேட்க முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சங்கத்தின் ஒரே ஸ்டீயரிங் ஆளுக்கு இரண்டு வாரம் என்ற முறையில் சுற்றி வருகிறது. கடைசியாகத் திரும்பி வந்தபோது அதன் பவர் அடாப்டர் பெட்டியில் இல்லை. வைத்திருப்பவர் பெயர் சொல்ல வேண்டாம், தேநீர் மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதும்.