கண்மாயில் விடும் மீன்குஞ்சுகளுக்குச் சாய அடையாளம் இடக் கோரும் மனு

அனுப்புநர்
கண்மாய் மீன்பாசிக் குத்தகைதாரர்கள், மீன்குஞ்சு வளர்ப்போர்,
காரைக்குடி வட்டாரம்.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சிவகங்கை மாவட்டம்.

பொருள்: விட்ட குஞ்சு பிழைக்கிறதா என அறியச் சாய அடையாளம் இடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வலையில் ஏறும் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைகள் நாம் விட்ட குஞ்சுதானா, மேல்கண்மாய் கலுங்கு பாய்ந்தபோது வரத்துக்காலில் இறங்கி வந்ததா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தேங்கிய நீரில் இவை முட்டையிடாது என்பதை மட்டும் வைத்து, பிடிபடுவதெல்லாம் விட்ட குஞ்சு என்று எழுதிவிட முடியாது.

ஆகவே ஒரு கண்மாய்க்கான குஞ்சுகள் அனைத்தையும் 'அலிசரின் ரெட் எஸ்' சாயநீரில் நனைத்து விட வேண்டுகிறோம். சாயம் மீனின் தலைக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்லான காதுக்கல்லில் கால்சியத்தோடு படிந்து வளையமாக நின்றுவிடும். ஆக்சிடெட்ராசைக்ளினும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது ஆன்டிபயாடிக், கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்வதால் வளையமும் மங்கும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், ஊருணித் தண்ணீரே நல்லது.

1000 லிட்டருக்கு 150 கிராம் சாயம், 24 மணி நேரம், நிழலில், ஏரேட்டர் நிற்காமல். கரைத்ததும் பி.எச். (அமில-கார அளவு) இறங்கும், சோடா உப்பால் 7-க்குக் கொண்டுவந்த பிறகே குஞ்சை இறக்க வேண்டும். நனைப்பதற்கு முந்தைய நாள் தீவனம் கூடாது, கழிவால் அம்மோனியா ஏறும். நனைத்த கையோடு ஏற்றிச் செல்லப் பாக்கெட் போட்டால் குஞ்சு தாங்காது. இரண்டு நாள் ஓய்வு தேவை. மீந்த சாயநீர் கண்மாய்க்கோ ஊருணிக்கோ போகக்கூடாது.

3 செ.மீ. குஞ்சுக்கு ஒரு முறையும், 8 செ.மீ. குஞ்சுக்குப் பத்து நாள் இடைவெளியில் இரு முறையும் நனைத்தால், எந்த அளவுக் குஞ்சு பிழைக்கிறது என்பதும் வளைய எண்ணிக்கையில் தெரிந்துவிடும். எங்களுக்கு இதுதான் முக்கியம். பெரிய குஞ்சுக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா என்பது இதில்தான் முடிவாகும்.

நனைத்தது நூறு, நனைக்காதது நூறு எனத் தனித்தனி ஹாப்பாவில் (நீருக்குள் கட்டும் வலைத்தொட்டியில்) வைத்து, சாவையும் ஒரு மாதம் கழித்து வளையத்தையும் பார்க்க வேண்டும். இது இல்லாமல், பின்னால் வளையம் தெரியாத மீன் வெளியிலிருந்து வந்ததா, சாயம் பிடிக்காததா என்று பிரிக்க முடியாது.

அறுவடையில் மீன் தலைகளை நாங்களே ஐஸில் வைத்துத் தருகிறோம். ஃபார்மலின் வேண்டாம், கல் கரைந்துவிடும். கெண்டை இனத்தில் 'லாப்பில்லஸ்' என்னும் காதுக்கல்லை எடுத்து, நடுப்பகுதி தெரியும்வரை நைசான உப்புத்தாளில் தேய்த்து, ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பச்சை ஒளியில் பார்த்தால் வளையம் சிவப்பாகத் தெரியும். எந்தக் கல் எந்தக் கண்மாயினுடையது என்று பார்ப்பவருக்குச் சொல்லக்கூடாது. இதற்கு அழகப்பா பல்கலைக்கழகத்தையோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ துறை வழியாகக் கேட்டுத் தர வேண்டுகிறோம்.

உண்ணும் மீன் என்பதால், சாயத்துக்கான முறையான அனுமதியையும் விற்பனைக்கு முன் சதையில் எச்சப் பரிசோதனையையும் துறையே செய்து தர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகிக் குஞ்சு விடுவதற்கு முன்பே உத்தரவு கிடைத்தால்தான் இந்த ஆண்டே தொடங்க முடியும்.

இப்படிக்கு,
மீன்பாசிக் குத்தகைதாரர்கள், மீன்குஞ்சு வளர்ப்போர்