சித்திக்கு, பேய்ப் படங்களைப் பற்றி

அன்புள்ள சித்திக்கு,

போன வாரம் போனில் கேட்டீர்கள்: "இப்ப வர்ற பேய்ப் படத்துல காதுதான்டி வலிக்குது, பயமே வரல. உருப்படியா ஏதாவது பார்த்தா சொல்லு." அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, சரி சரி என்று வைத்துவிட்டேன். அப்புறம் வீடு அடங்கிய பிறகு தினமும் ஒன்றாகப் பார்த்தேன். சிலது இரண்டாவது முறை.

நீங்கள் சொன்னதில் பாதி நியாயம். திடீரென்று டமாரென்று அடித்தால் யாருக்கும்தான் தூக்கிவாரிப் போடும். அது பயம் இல்லை. நாலு காமெடி, ஒரு குத்துப்பாட்டு, கடைசியில் சாமி வந்து பேயை விரட்டுவது என்று போகிற படங்களை நானும் விட்டு நாளாகிறது. ஆனால் பயமே வரவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மலையாளத்தில் ராகுல் சதாசிவன் என்று ஒரு இயக்குநர். அவருடைய 'பிரமயுகம்' (2024) முழுக்கக் கருப்பு வெள்ளை. பதினேழாம் நூற்றாண்டில், உயிருக்குப் பயந்து காட்டில் ஓடிவரும் ஒரு பாணன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். அங்கே வீட்டு எஜமான் கொடுமண் போற்றியாக மம்மூட்டி. அவர் பாணனைப் பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம் பணமோ நகையோ இல்லை, அவனுடைய காலம். அந்த இடத்தில் எனக்குக் கை சில்லிட்டது. பேய் என்று எதுவும் எதிரில் வரவில்லை. ஒரு பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார், இவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவனை வெளியே விடாத வீடு என்றால் நம் ஊர்ப் பெண்களுக்குத் தனியாக விளக்க வேண்டுமா?

'யாவரும் நலம்' (2009) மறுபடி பார்த்தேன். மாதவன் புது ஃபிளாட்டுக்குக் குடிவருகிறார், பால் திரிந்துபோகிறது. லிஃப்ட் எல்லாருக்கும் வேலை செய்கிறது, அவருக்கு மட்டும் அசையவில்லை. ஹாலில் ஓடும் சீரியலில் இவர்கள் குடும்பத்துக் கதையே வருகிறது. பால், லிஃப்ட், மத்தியான சீரியல், இவ்வளவுதான் சாமான். இப்போது நான் இருப்பது ஐந்தாவது மாடி. படம் பார்த்த மறுநாள் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு, கதவு திறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். 'டிமான்ட்டி காலனி'யில் (2015) எனக்குப் பிடித்ததும் நாலு நண்பர்களும் அறைக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பகுதிதான். ஆழ்வார்பேட்டை பக்கம் போகும்போது இன்றும் அந்தப் பெயருள்ள தெருவை எட்டிப்பார்க்கிறேன். இரண்டாம் பாகம் எனக்கு ஒட்டவில்லை, கதை ரொம்பப் பெரிதாகிவிட்டது.

ஆங்கிலத்தில் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (2018), பத்து எபிசோட். காட்சிக்குப் பின்னால் இருட்டில் உருவங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், கண்ணில் பட்டால் பட்டதுதான். தமிழில் இப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏக்கமாக இருக்கிறது.

உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது 'பூதகாலம்' (2022). இதுவும் ராகுல் சதாசிவன்தான். ஒரு வாடகை வீடு, அம்மாவாக ரேவதி, வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகம். படுக்கையில் கிடந்த பாட்டி இறந்துபோன பிறகு மகனுக்கு வீட்டில் ஏதேதோ கேட்கிறது. சொன்னால் அம்மா நம்பவில்லை. அம்மாவும் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். ஒரே கூரைக்குள் இரண்டு பேர், ஒருத்தர் பயப்படுவது இன்னொருத்தருக்குத் தெரியவில்லை. மகன் கத்தும்போது ரேவதி முகத்தில் கோபம், சலிப்பு, குற்றவுணர்ச்சி எல்லாம் கலந்து ஓடும். அதற்காக அவருக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. எனக்குப் பயமும் அழுகையும் சேர்ந்தே வந்தது. பேயைவிட, நம்ப ஆள் இல்லாமல் போவதுதான் கொடுமை சித்தி.

நம் மாம்பலம் வீட்டில் டிவியில் 'விடாது கருப்பு' சீரியல் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, குதிரைக் குளம்புச் சத்தம் வந்தால் முந்தானையால் என் கண்ணை மூடுவீர்கள். முடிந்ததும் நான் பாத்ரூம் போகப் பயப்படுவேன். "சின்னப் பிள்ளைக்கு என்ன பயம்" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து கதவுக்கு வெளியே நிற்பீர்கள். உள்ளேயிருந்து "சித்தி?" என்பேன். "இருக்கேன்டி" என்பீர்கள்.

'பூதகாலம்' படத்தை நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டாம். தீபாவளிக்குக் கோயம்புத்தூர் வருகிறேன். ஹால் லைட்டை அணைத்துவிட்டுச் சேர்ந்து பார்ப்போம். முடிந்ததும் கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்