செல்விக்கு, கயலின் சிகிச்சை பற்றி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. கயலின் சர்க்கரை நோயை ஸ்டெம் செல்லால் சரிசெய்வதாகச் சொல்லும் கிளினிக்கின் விளம்பரத் தாளை நீ சேர்த்து அனுப்பியிருந்தாயே, அதையும் இரண்டு முறை படித்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இதை அண்ணனிடமும் காட்டப் போகிறாய், அதனால் எழுத்தில் இருப்பது நல்லது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தோப்பை விற்கவே வேண்டாம்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. எனக்கு வார்டில் வேலை கூடியிருக்கிறது. போன மாதம் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பையனின் உறுப்புகளை அவன் வீட்டார் கொடுத்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பு என்னுடையது. வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. அந்த நிலையில் ஒரு தாயிடம் "பிள்ளை போய்விட்டான்" என்று எப்படிச் சொல்வது? நான்கு டாக்டர்கள் சோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு மறுபடியும் சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினேன். கடைசியில் அந்த அம்மாவேதான் கையெழுத்துப் போட்டார். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயம் சென்னை ரோட்டில் பறந்ததே, நினைவிருக்கிறதா? அன்று அது ஊரே பேசிய அதிசயம். 2023-லிருந்து தமிழ்நாட்டில் உறுப்பு தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. அந்தப் பையனுக்கும் நடந்தது. அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

சரி, கயல் விஷயத்துக்கு வருகிறேன். "உங்கள் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்துக் கணையத்தைப் புதுப்பிக்கிறோம், ஆறு மாதத்தில் இன்சுலினை நிறுத்தலாம்" என்று அந்தத் தாளில் போட்டிருக்கிறார்கள். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறி இதில் தெளிவாகவே இருக்கிறது. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவைதான் அங்கீகரித்த சிகிச்சை. சர்க்கரை நோய்க்கு என்றால் அது ஆராய்ச்சியாக மட்டும்தான் நடக்கலாம். ஆராய்ச்சி என்றால் அனுமதி இருக்கும், பதிவு எண் இருக்கும், அதற்காக நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. இவர்கள் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அதிலேயே தெரிந்துவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கயலுக்கு வந்திருப்பது டைப் ஒன் சர்க்கரை நோய். அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்திருக்கிறது. அந்தத் தாக்குதலை நிறுத்தாமல் புதிய செல்லை வைத்தால் அதையும் அழிக்கத்தான் பார்க்கும். இதற்கு என்ன செய்வார்கள் என்று தாளில் ஒரு வரிகூட இல்லை.

அதற்காக இந்தத் துறையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதே. நடப்பதைப் படித்தால் எனக்கே தூக்கம் வருவதில்லை, அவ்வளவு சந்தோஷம். 2000-ல் கனடாவின் எட்மன்டனில் ஷாப்பிரோ என்ற டாக்டரின் குழு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக ஏழு பேருக்குச் செலுத்தியது. ஏழு பேருக்கும் இன்சுலின் ஊசி நின்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒருவருக்கே இரண்டு மூன்று பேரின் கணையம் தேவைப்பட்டது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சை எடுத்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் ஊசியில்லாமல் இருந்தார்கள்.

கொடையாளருக்காகக் காத்திருக்காமல் அந்தச் செல்களை ஆய்வகத்திலேயே வளர்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடிகிறது, செல்வி! வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளை முழு அளவில் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தது. ஒரு வருடம் கழித்துப் பத்துப் பேருக்கு இன்சுலினே தேவைப்படவில்லை. 2025 ஜூனில் முடிவுகள் வெளிவந்தன. ஆனால் சேர்த்துக்கொண்டது யாரை என்று பார். சர்க்கரை இறங்குவதே தெரியாமல் திடீரென்று மயங்கி விழுகிறவர்களை. அவர்களுக்கு ஒவ்வொரு இரவும் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் புதிய செல்களை உடம்பு அழித்துவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் கடுமையான மருந்துகளையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ஆய்வில் இருவர் இறந்தும் போனார்கள். ஒருவருக்கு முன்பே இருந்த மறதி நோய் முற்றியது. மற்றவருக்குப் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்த உடம்பில் அந்த மாதிரித் தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

நான் தினமும் பார்ப்பது இந்த மருந்துகளைத்தான். புதுக் கிட்னி வைத்தவர் டாக்ரோலிமஸ் என்ற அடக்கும் மருந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் விழுங்க வேண்டும். அளவு குறைந்தால் உடம்பு கிட்னியைத் தள்ளிவிடும். கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும், கை நடுங்கும். நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். அதனால் காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறோம். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் வந்து, ரத்தம் கொடுக்கும் வரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். பம்பளிமாஸ் சாப்பிடாதே, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதே, நாட்டு மருந்து வேண்டாம், லேசாகக் காய்ச்சல் வந்தாலும் கூப்பிடு. ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், அம்மா கொடுத்த கிட்னி. மூன்று வருடம் நன்றாக இருந்தான். உடம்பு தெம்பாக இருக்கிறதே என்று தானாகவே மாத்திரையைக் குறைத்துக்கொண்டான். இப்போது திரும்ப டயாலிசிஸில் இருக்கிறான். அவன் அம்மா இன்னும் கூடவே வருகிறார். அவரைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

இதே டாக்ரோலிமஸ் இன்சுலின் சுரக்கும் செல்லையும் பாதிக்கும். சர்க்கரையே இல்லாதவர் பலருக்கு கிட்னி மாற்றிய பிறகு சர்க்கரை வருவது இதனாலும்தான். அப்படியானால் கயலுக்குச் செல்களைக் காப்பாற்றக் கொடுக்கும் மருந்தே அவற்றுக்கு இடைஞ்சல். இன்னும் ஒன்று உனக்கு மட்டும் சொல்கிறேன். வரன் பார்க்கிறோம், சர்க்கரையைச் சொன்னால் தட்டிப்போகிறது என்று எழுதியிருந்தாய். அண்ணன் அவசரப்படுவது அதற்குத்தான் என்று புரிகிறது. ஆனால் இந்த வகை மருந்துகளில் மைக்கோபினோலேட் போன்றவை கருவைப் பாதிக்கும், முன்கூட்டியே நிறுத்தி மாற்ற வேண்டும். இன்சுலினுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. நன்றாகக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு பிள்ளை பெற்ற டைப் ஒன் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மறைத்துக் கல்யாணம் செய்வதைவிட, சொல்லிக் கேட்டு வருகிற ஒருவன் அவளுக்குப் போதும்.

நான் ஆசையோடு காத்திருப்பது வேறொன்றுக்கு. ஸ்வீடனில் உப்சாலா மருத்துவமனையில் 2024 டிசம்பரில் ஒருவருக்கு, மரபணுவைத் திருத்திய செல்களை முன்கைத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். உடம்பு அவற்றை அந்நியமாக அடையாளம் காண முடியாதபடி செய்த திருத்தம். அடக்கி வைக்கும் மருந்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அப்படியும் செல்கள் பிழைத்து இன்சுலின் சுரந்தன! கொடுத்த அளவு மிகச் சிறியது, அவருக்கு ஊசி நிற்கவில்லை. ஆனாலும் மருந்தே இல்லாமல் பிழைத்தது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. சீனாவில் ஒரு பெண்ணின் சொந்தச் செல்களிலிருந்தே வளர்த்து, வயிற்றுத் தசையின் உறைக்குள் வைத்தார்கள். எழுபத்தைந்து நாளில் அவருக்கு ஊசி நின்றது. ஆனால் அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்றியவர், அதற்கான மருந்தில் இருந்தார். அதனால் மருந்தில்லாமல் அது தாங்குமா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கயலுக்குப் பத்தொன்பது வயதுதானே. உப்சாலா வழி கைகூடினால் அவள் அதைப் பார்ப்பாள் என்று நான் முழுதாக நம்புகிறேன். அதுவரை அவள் கண்ணும் கிட்னியும் கால் நரம்பும் கெடாமல் இருக்க வேண்டும்.

ஆகவே தோப்புப் பணத்துக்குப் பதில் சின்னச் செலவு சொல்கிறேன். கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார் ஒன்றை வாங்குங்கள். ராத்திரியில் சர்க்கரை இறங்கினால் போன் அலறும்; நீயும் மூன்று மணிக்கு எழுந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வருடம் ஒரு முறை கண் திரையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். போன வருடம் பார்த்தீர்களா என்று நீ எழுதவில்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏஒன்சி ரிப்போர்ட்டில் கடைசி மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, எங்கள் டாக்டரிடம் காட்டுகிறேன். அண்ணன் ஏற்கெனவே அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிட்டாரா? கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வை, எனக்கும் ஒரு நகல் அனுப்பு. பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வருகிறேன். அப்போது அண்ணனோடு நானே உட்கார்ந்து பேசுகிறேன்.

என்றும் உன்,
மல்லிகா