டைபாய்டு ஊசி பிடித்ததா என்று வைடால் சொல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் டைபாய்டு தடுப்பூசி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று சோதிப்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 31 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நாலு வயது மகனின் ரிப்போர்ட்டோடு வந்தாள். பையனுக்கு டைபாய்டு கான்ஜுகேட் ஊசி போட்டு ஆறு வாரம் ஆகிறது. "ஊசி பிடிச்சிருக்கான்னு பார்த்துடு" என்று யாரோ சொல்ல, டைபாய்டு காய்ச்சலைக் கண்டுபிடிக்க எடுக்கும் வைடால் ரத்தப் பரிசோதனையை ஒரு லேபில் எடுத்திருக்கிறாள். அதில் பார்க்கும் ஓ, ஹெச் என்ற இரண்டு அளவுமே 1:20-க்குக் கீழே, அதாவது ஒன்றும் தெரியவில்லை. "அக்கா, ஊசி கெட்டுப்போனதா? மறுபடியும் போடணுமா?" என்று கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. சீட்டுப் பணத்தை எடுத்துப் போட்ட ஊசி அது.

ஊசியைக் குறை சொல்ல அந்த ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை. எடுத்த பரிசோதனைதான் தப்பு. 1896-இல் வந்த வைடால், கிருமியின் உடலில் உள்ள ஓ, அது நீந்தும் இழையில் உள்ள ஹெச் ஆகியவற்றுக்கு எதிராக உடலில் ஊறும் எதிர்ப்புப் பொருளான ஆன்டிபாடியைத்தான் பார்க்கும். இப்போது போடும் கான்ஜுகேட் ஊசியில் இருப்பதோ கிருமி மேலே போர்த்தியிருக்கும் வி-ஐ என்ற சர்க்கரை உறை. அதை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். வி-ஐக்கு எதிராகப் பையன் ரத்தத்தில் எவ்வளவு ஆன்டிபாடி ஊறியிருந்தாலும் வைடால் கண்ணில் அது படாது.

அந்தக் காலத்தில் டைபாய்டுக்குப் போட்ட டிஏபி ஊசி வேறு. அதில் கொன்ற கிருமியே முழுசாக இருந்தது. போட்டவர்களுக்கு ஹெச் ஏறி, இறங்க நாளாகும். ஊசி போட்டால் வைடால் ஏறும் என்ற பேச்சு அதிலிருந்து தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

வைடாலிலேயே இரண்டு வகை உண்டு. நாங்கள் செய்தது டியூப் முறை. ஹெச்சுக்கு அடி கூம்பிய குழாய், ஓ-வுக்கு அடி உருண்ட குழாய். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்தை 1:20, 1:40, 1:80 என்று இரட்டித்து நீர்க்கச் செய்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்போம். ஹெச் சேர்ந்திருந்தால், லேசாகத் தட்டியதும் பிய்த்த பஞ்சு மாதிரி எழும்பும். ஓ அடியில் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். ஒரு குழாய் முன்னே பின்னே இருந்தால் அதை வித்தியாசமாகவே கணக்கில் எடுக்கமாட்டோம். இப்போது பல இடங்களில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் ஆட்டிப் பார்ப்பதோடு சரி. ஃபேன் காற்றில் சொட்டு காய்ந்தாலே போதும், பொடி விழுந்த மாதிரி தெரியும்.

ஊசியால் வந்த ஆன்டிபாடியை அளக்கத் தடுப்பூசி ஆய்வாளர்கள் செய்வது வி-ஐ எலிசா என்ற சோதனை. 96 குழிகள் கொண்ட தட்டில் வி-ஐயைப் பூசி, சீரத்தை விட்டு, நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று கருவி அளக்கும். பூசுவதே சிரமம், வி-ஐ பிளாஸ்டிக்கில் லேசில் ஒட்டாது. அதற்கு ஒவ்வொரு கிட்டிலும் ஒவ்வொரு வழி இருப்பதால், ஒரு கிட்டின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. அப்புறம், ஒட்டிய ஆன்டிபாடி எவ்வளவு என்றுதான் எலிசா சொல்லும். அது கிருமியைக் கொல்லுமா என்று பார்க்க, உயிருள்ள கிருமியோடு சீரத்தைச் சேர்த்து, சாகாமல் மிஞ்சி வளரும் கிருமிக் கூட்டங்களை எண்ணும் வேறொரு சோதனை வேண்டும். நம் ஊர் லேபில் இதெல்லாம் கிடையாது. கிடைத்தாலும், இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் டைபாய்டு வராது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு இன்னும் இல்லை. அதனால் ஊசி போட்ட குழந்தைக்கு இந்தச் சோதனையே தேவையில்லை.

லேப் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வைடாலுக்கு ரத்தம் எடுக்கும் முன், எதற்காக என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊசி பிடித்ததா என்று பார்க்கத்தான் என்றால், காசு வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் தகடா, டியூபா என்றும் எழுதுங்கள்.

அந்தப் பெண்ணிடம், ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேதியும் பேட்ச் எண்ணும் எழுதிய ஊசி அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். பையனுக்கு நாள்பட்ட காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், ரத்தத்தில் கிருமி வளருகிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திண்டுக்கல்.