பெயரில் மட்டும் ராஜா

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் வழக்கம்போலத்தான். கண்ணாடியை மாற்றியதிலிருந்து ராத்திரிப் படிப்பு கூடிவிட்டது. அதன் பலனை இப்போது நீ அனுபவி.

ராஜாவை இறக்கிய நாட்டில் முதல் ஜனாதிபதி நாற்காலி, அதற்காகப் போராடியவனுக்குத்தானே போகும் என்று கேட்டிருந்தாய். நேபாளத்தில் அப்படி நடக்கவில்லை.

2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை 560க்கு 4 என்ற கணக்கில் முடியாட்சியை ஒழித்தது. 240 வருஷத்து ஷா வம்சம். குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்வதுபோல ஞானேந்திராவுக்குப் பதினைந்து நாள் கெடு. சொர்க்கப் பறவையின் இறகு வைத்த கிரீடத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஜூன் 11 ராத்திரி நாராயண்ஹிட்டி அரண்மனையிலிருந்து காரில் கிளம்பிப் போனார்.

அப்புறம்தான் கூத்து. அப்போதைய பிரதமர், நேபாளி காங்கிரஸ் தலைவர் கிரிஜா பிரசாத் கொய்ராலாவுக்கு ஜனாதிபதி ஆசை இருந்தது; சபையில் பெரிய கட்சியான மாவோயிஸ்டுகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் நிறுத்தியது ராம்ராஜா பிரசாத் சிங்கை. பெயரிலேயே ராஜாவை வைத்துக்கொண்டு, ராஜாவே வேண்டாம் என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனிதர்! 1985இல் காத்மாண்டுவில் குண்டு வைத்ததற்கு, ஆள் இல்லாமலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டவர். எதிரில் நேபாளி காங்கிரஸின் ராம் பரண் யாதவ். டாக்டர், கிரிஜாவின் அண்ணனும் முன்னாள் பிரதமருமான பி.பி. கொய்ராலாவுக்கு வைத்தியம் பார்த்தவர். ராஜா ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று வெகுகாலம் நினைத்த கட்சி அவருடையது.

இரண்டு பேருமே தராய் சமவெளிக்காரர்கள், மதேசிகள். மலைக்காரர்கள் அதிகாரத்தின் பக்கமே அண்டவிடாமல் வைத்திருந்த ஜனங்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தியாகப் பட்டது.

ஜூலை 19இல் சபையில் நடந்த ஓட்டெடுப்பில் யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. மதேசிகளின் கட்சியான மதேசி ஃபோரம் காங்கிரஸ் பக்கம் நின்றது. துணை ஜனாதிபதி பதவி அவர்களுடைய பரமானந்த ஜாவுக்குக் கிடைத்தது. 21ஆம் தேதி மறுபடி ஓட்டு. யாதவுக்கு 308, சிங்குக்கு 282.

நானாக இருந்தால் சிங்குக்குத்தான் போட்டிருப்பேன் என்று எழுத வந்தேன். அந்தக் குண்டுகளில் செத்தவர்கள் ஞாபகத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீ யாருக்குப் போட்டிருப்பாய்? மழுப்பாமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்