கடல் பொருளா, இடமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி சென்ற வாரம் தமிழ்த் தேர்வுத்தாளை என்னிடம் நீட்டினாள். பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும் கேள்வியில் 'கடல்' பொருட்பெயர் என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து 'இடப்பெயர்' என்று திருத்தியிருக்கிறார்கள். அரை மார்க் போச்சு. "கடல்னா தண்ணிதானே தாத்தா? தண்ணி பொருள்தானே?" என்கிறாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பொருட்பெயருக்கு மரம், நாற்காலி, இடப்பெயருக்குப் பள்ளி, தெரு என்று சிக்கலில்லாத சொற்களாகப் பார்த்துப் பாடம் நடத்திவிடுகிறோம். மலை, ஆறு, குளம், காடு என்று வரும்போதுதான் தகராறு. இதற்கு நான் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன்: வெறும் 'கு' சேர்த்து, 'போனேன்' போட்டுப் பார்ப்பது. எங்கள் நாகப்பட்டினத்தில் "அப்பா கடலுக்குப் போயிருக்காங்க" என்பது தினசரிப் பேச்சு. ஆற்றுக்கும் போகலாம், மலைக்கும் போகலாம் (கார்த்திகை மாதமென்றால் எந்த மலை என்றுகூட யாரும் கேட்பதில்லை). "மரத்துக்குப் போனேன்" என்று சொல்வோமா? மரத்தடிக்குத்தான் போவோம். இந்தக் கணக்குப்படி ஆசிரியர் திருத்தியது சரி.

ஆனால் "கடல் பொங்குது", "ஆறு கரையை உடைச்சிருச்சு" என்னும்போது? அங்கே எனக்கு இடம் எதுவும் தெரியவில்லை, பெருகிவரும் தண்ணீர்தான் தெரிகிறது. பேத்தி சொன்னதும் தப்பில்லை.

நன்னூலைப் புரட்டினேன். ஏழாம் வேற்றுமையைச் சொல்லும்போது பவணந்தியார், 'பொருள்முதல் ஆறும்' இடமாக நிற்கும் என்கிறார். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் ஆறுமேதான். பனையின்கண் அன்றில் வாழ்கிறது என்றால் பனை பொருட்பெயர்தான், அன்றிலுக்கு மட்டும் அது இருப்பிடம். ஆக, இடமாக நிற்பதாலேயே ஒன்று பொருள் இல்லை என்றாகிவிடாது. கடலையும் மலையையும் தனிச்சொல்லாகக் கேட்டு மதிப்பெண் குறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாக்கியத்தில் வைத்துக் கேட்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தரட்டும்.

அப்புறம், என் 'கு' கணக்கைப் பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப நிலா?" என்றாள். "நிலாவுக்கு யார் போறா? பொருள்தான்" என்று சொல்லிவிட்டேன். 1969-இல் ஆம்ஸ்ட்ராங் போனதையும் 2023-இல் சந்திரயான்-3 இறங்கியதையும் அவள்தான் எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

— ஒரு வாசகர், நாகப்பட்டினம்